கேட்டது இரண்டு விரல், தூக்கியது நான்கு விரல்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களிடம் முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாற்பது வருஷம் வண்டிகளுக்குப் பட்டை வேலை பார்த்தவன் நான். சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக வில் போல வளைந்து, வண்டியின் பாரத்தைத் தாங்குகிற இரும்புத் தகடுகளைத்தான் நாம் பட்டை என்கிறோம். விழுப்புரத்தில் ஒரு லாரி பட்டறையில் கை பழகி, திண்டிவனத்தில் சொந்தப் பட்டறை போட்டு, எத்தனை பட்டை வளைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அத்தனையிலும் ஒன்றே ஒன்றுதான் ஊர் ஊராகப் பெயர் வாங்கியது. அது நான் கெடுத்த பட்டை.

நன்றாகச் செய்த வேலைகளைப் பற்றி உங்களிடம் சொல்லப்போவதில்லை. அவற்றை டீக்கடைகளில் நானே வேண்டிய அளவு சொல்லித் தீர்த்துவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. கிளியனூரிலிருந்து உள்ளே நாலு மைல் மண் ரோட்டில் போனால் ஒரு கிராமம். அங்கே கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. பிரசவம், ஊசி, கட்டுப் போடுவது, அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் புதுச்சேரி பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டு ஓட வேண்டும். ஓடுவதற்கு அவர்களிடம் ஒரு பழைய நீளமான ஜீப் இருந்தது. மேலே கித்தான் கூரை, பின்னால் இரண்டு பக்கமும் பெஞ்சு, நடுவில் மெத்தை போட்டால் ஒரு ஆள் படுக்கலாம். சுத்துப்பட்டு கிராமங்களுக்கெல்லாம் அதுதான் ஆம்புலன்ஸ்.

ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பான சிஸ்டரே ஒருநாள் அதை ஓட்டிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். திண்டிவனம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், நர்ஸ் படித்துவிட்டு மடத்தில் சேர்ந்தவர். அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். வெள்ளைப் புடவை, கையில் ஆண்கள் கட்டுகிற பெரிய வாட்ச், பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது.

"மேஸ்திரி, பின்னாடி ரொம்ப ஒக்காந்துபோச்சுங்க. ஓடைல தண்ணி வந்தா வண்டிக்குள்ள ஏறிடுது. போன மழைல ஒரு பிள்ளத்தாச்சிய நனையவச்சி இட்டாந்தேன். பழைய வளைவ எடுத்துக் குடுத்து, ஒரு ரெண்டு விரலு தூக்கிக் குடுங்க. போதும்."

அந்தப் 'போதும்' என் காதில் விழவே இல்லை. என் கை கரும்பு லாரிக்குப் பட்டை கட்டிப் பழகிய கை. என் கண்ணில் வண்டி என்றால் பாரம், பாரம் என்றால் கரும்பு. ஜீப்பின் பட்டைகளைக் கழற்றிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பாக வந்தது. இவ்வளவு மெல்லிசாகவா, இதை வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் ஓட்டினார்கள் என்று.

தொய்ந்த வண்டியைத் தூக்க இரண்டு வழி உண்டு. இருக்கிற பட்டையைத் தட்டித் தட்டிப் பழைய வளைவை எடுப்பது ஒன்று. அதற்குப் பொறுமை வேண்டும். கூட இரண்டு தடித்த பட்டையைச் சொருகிவிடுவது இன்னொன்று. அதற்கு முரட்டுத்தனம் போதும். நான் இரண்டையும் செய்தேன். அதுவும் லாரி பட்டையை வெட்டி, பக்கத்துக்கு இரண்டாகச் சொருகினேன்.

வேலை முடிந்து இறக்கி நிறுத்தினால் ஜீப் நாலு விரல் ஏறி நின்றது. பின்பக்கம் தூக்கி, முன்பக்கம் குனிந்து, தண்ணீர் குடிக்கப் போகிற மாடு போல இருந்தது. எனக்கு அது கம்பீரமாகத் தெரிந்தது.

சிஸ்டர் வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ரெண்டு விரலுதானே கேட்டேன்?"

"இன்னும் ரெண்டு விரலு போனஸு சிஸ்டர்."

அவர் பின்பக்கம் ஏற முயன்றார். கால் எட்டவில்லை. என் பட்டறை முக்காலியைப் போட்டுத்தான் ஏற முடிந்தது. உள்ளே நின்று இரண்டு தடவை அழுத்தி மிதித்துப் பார்த்தார். வண்டி அசையவே இல்லை.

"குலுங்காதா மேஸ்திரி?"

"புதுப் பட்டை சிஸ்டர். ஓட ஓடப் படிஞ்சிடும்."

இந்த வார்த்தையை நீங்களும் இதற்குள் கற்றுக்கொண்டிருப்பீர்கள். பிரேக் கீச்சிட்டால் படிஞ்சிடும். கியர் இடித்தால் படிஞ்சிடும். கதவு மூடவில்லையா, அதுவும் படிஞ்சிடும். வாடிக்கைக்காரரைப் பட்டறை வாசலைத் தாண்ட வைக்க இதைவிட வசதியான வார்த்தை நம்மிடம் இல்லை. உண்மையில் படிவது வண்டி இல்லை, வண்டிக்காரர்தான். சண்டை போட்டுப் போட்டு அலுத்துப்போய் அவராகவே பழகிக்கொள்வார்.

சிஸ்டர் முக்காலியையும் வண்டியில் போட்டுக்கொண்டு போனார்.

ஒரு மாதத்துக்குள் அந்த ஜீப்பின் புகழ் பரவ ஆரம்பித்தது. வலி எடுத்த பெண்ணை எந்த ஊரிலிருந்து ஏற்றினாலும், ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்குள் பிள்ளை பிறந்துவிடுகிறதாம். ஒன்று ஓடைக்குப் பக்கத்தில் பிறந்தது. ஒன்று புளியமரத்துப் பள்ளத்தில். இன்னொன்று ஆஸ்பத்திரி கேட்டைத் திறக்கிற நேரத்தில். "அந்த ஜீப்புல ஏத்திட்டா பாதி வேலை முடிஞ்சிது" என்று கிழவிகள் பேசிக்கொண்டார்கள். வளவனூரிலிருந்து ஒருவர் தேதி தாண்டிய மனைவியை மாட்டு வண்டியில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "ஊசியெல்லாம் வோணாங்க சிஸ்டர். உங்க ஜீப்புல ஒரு ரவுண்டு இட்டுக்கினு போய் வந்தீங்கன்னா போதும், ஜல்தியா ஆயிடும்னு சொல்றாங்க."

இதெல்லாம் டீக்கடை வழியாக என் காதுக்கு வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. திண்டிவனத்தில் எத்தனை பட்டறை இருக்கிறது, எவன் பட்டைக்கு இப்படி ஒரு பெயர் உண்டு என்று நினைத்தேன்.

சிஸ்டர் இரண்டு தடவை ஆள் அனுப்பினார், வந்து பாருங்கள் என்று. இரண்டு தடவையும் "படிஞ்சிடும்னு சொல்லு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மூன்றாவது தடவை ஒரு சீட்டு வந்தது. அதில் இருந்தது ஒரே வரிதான்: 'இன்னும் படியவில்லை.' அதற்குப் பிறகும் போகாமல் இருந்தால் அவரே நேரில் வந்துவிடுவார் என்று பயந்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பினேன். பட்டைக்கு நடுவில் கொஞ்சம் கிரீஸைத் தடவி, சமாதானம் சொல்லிவிட்டு வருவதுதான் என் திட்டம். புதுச்சேரி பஸ்ஸில் கிளியனூரில் இறங்கி, வாடகை சைக்கிள் எடுத்து, டூல்ஸ் பையைக் கேரியரில் கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

செவ்வாய்க்கிழமை மருந்து வாங்கும் நாள். ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கப் பெண்கள். சர்க்கரைக்கு, ரத்தக் கொதிப்புக்கு, முழங்கால் வலிக்கு என்று சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் பையை இறக்கி வைப்பதற்குள் ஒரு ஆள் ஓடிவந்தான். பின்னாலேயே இரண்டு பேர் ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஓடிவந்தவன் பெயர் ஏழுமலை. கட்டிலில் இருந்தவள் அவன் மனைவி அஞ்சலை. கூட வந்தவள் ஏழுமலையின் அம்மா, காய்ந்த கேப்பைத் தட்டை மாதிரி ஒரு ஒல்லிப் பொம்பளை.

சிஸ்டர் உள்ளே அழைத்துப்போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். நேராக என்னிடம் வந்தார்.

"ஏழாம் மாசம் இப்பத்தான் பொறந்திருக்குது. வலி வந்துடுச்சு. இதுக்கு முன்னாடி ரெண்டு தங்கல. இங்க வச்சிக்கினு நான் ஒண்ணும் பண்ண முடியாது. பெரியாஸ்பத்திரிக்குப் போனா வலிய நிறுத்திடுவாங்க. ஆனா வழியில பொறந்திச்சின்னா இந்தப் பிள்ள பொழைக்காது."

வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஏழுமலை வாடகைக் காருக்கு ஆள் அனுப்பியிருந்தான். கிளியனூரில் இருந்த ஒரே கார் திருவாமாத்தூர் கோயிலுக்குக் கல்யாணக் கோஷ்டியோடு போய்விட்டது என்று பதில் வந்தது. மாட்டு வண்டி போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிடும். மிச்சம் இருந்தது ஜீப்தான். ஏறினால் பிள்ளை பிறந்துவிடும் என்று மூன்று மாவட்டத்துக்குப் பெயர் வாங்கிய என் ஜீப்.

"மேஸ்திரி, அந்தப் பட்டைய இப்ப கழட்ட எத்தினி நேரம் ஆவும்?"

"ரெண்டு பக்கமும் கழட்டி மாட்ட... மூணு மணி நேரம் சிஸ்டர்."

"மூணு மணி நேரம் இல்ல."

அவர் குரலை உயர்த்தவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கட்டிலில் கிடந்த அஞ்சலை இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கீழே விழப்போகிற பானையைத் தாங்குவதுபோலப் பிடித்திருந்தாள். வலி பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வருகிறது என்று சிஸ்டர் வாட்சைப் பார்த்துச் சொன்னார். 'போனஸு சிஸ்டர்' என்று நான் பல்லைக் காட்டியது ஞாபகத்துக்கு வந்து, அப்படியே பூமிக்குள் போய்விட மாட்டோமா என்று இருந்தது.

ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்தேன். யோசிப்பதற்கு எனக்கு வேறு இடம் தெரியாது. அங்கே கிடந்து என் பட்டையைப் பார்த்தேன். வெறும் வண்டியில் அது கல்லாக நின்றது. கரும்பு ஏற்றினால்தான் இந்தப் பட்டை கொஞ்சமாவது கீழே இறங்கி வேலை செய்யும், அதற்குத்தானே இதைக் கட்டினாய் என்று என்னை நானே திட்டிக்கொண்டபோதுதான் பொறி தட்டியது. கரும்பு ஏற்றினால் வேலை செய்யும். அப்படியானால் ஏற்ற வேண்டியதுதான்!

வெளியே வந்து, "சிஸ்டர், பாரம் வோணும். அறுநூறு கிலோவாவது வோணும். பாரம் ஏறினா பட்டை எறங்கும், குலுங்காது" என்றேன்.

மூட்டை எதுவும் இருக்கிறதா என்று தேடினோம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, இன்னும் வயலில் இருந்தது. ஆஸ்பத்திரியில் அரிசி ஒரு மூட்டைகூட முழுதாக இல்லை. தண்ணீர் டிரம்மை ஏற்றினால் அது வேறு தளும்பும். நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். வராந்தாவில் நாற்பது பெண்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவசரத்தில் புத்தி மட்டு. நான் வராந்தாவுக்கு முன்னால் போய் நின்று, "கொஞ்சம் கனமா இருக்கறவங்கல்லாம் எழுந்து வாங்க" என்றேன்.

ஒருத்திகூட அசையவில்லை. ஒவ்வொருத்தியும் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்தாள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "யாருய்யா நீ, எங்கள எடை போட வந்தவன்?" என்றது. இன்னொரு நிமிஷம் நின்றிருந்தால் செருப்பு வந்திருக்கும்.

சிஸ்டர் என்னைக் கையால் ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். "இந்தப் பொண்ணு குலுங்காம பாண்டிச்சேரி போவணும். வண்டில பாரம் இருந்தாத்தான் குலுங்காது. உடம்பக் கொறைன்னு யார் யாருக்கு நான் சீட்டுல எழுதிக் குடுத்திருக்கேனோ, அவங்கல்லாம் ஜல்தியா ஏறுங்க."

முதலில் எழுந்தவள் ரோசம்மா. பஸ் ஸ்டாண்டில் இட்லிக் கடை வைத்திருந்தவள், மாதா கோயில் தேர் வடம் பிடித்தால் முதல் ஆள். "இத்தினி வருசமா சோத்தக் கொற, சோத்தக் கொறன்னு பேஜாரு பண்ணினீங்க சிஸ்டர். இன்னிக்கி பாத்தீங்களா?" என்று இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு வந்தாள். அவள் எழுந்ததும் மற்றவர்களும் எழுந்தார்கள். அதற்குப் பிறகு போட்டியே வந்துவிட்டது. ஒருத்தி ஏறி உட்கார்ந்ததும் சிஸ்டர் சீட்டை வாங்கிப் பார்த்து, "நீ எறங்கு. நீ ஒருத்திதான் சொன்னபடி கேட்டு ஏழு கிலோ கொறஞ்சிருக்க" என்றார். அவள் பரிசு கிடைக்காதவள் மாதிரி முகத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

ஏழு பேர் ஆயிற்று. எட்டாவது இடத்துக்கு ஏழுமலையின் அம்மா ஏறிக்கொண்டாள். "எம் மருமவ போற எடத்துக்கு நான் வராம?" என்றாள். நியாயம்தான். ஆனால் அந்த அம்மாவின் எடைக்கு என் பட்டை கண்ணைத் திறந்துகூடப் பார்க்காது. ஒரு இடம் வீணாகிறதே என்று நான் தலையைச் சொறிந்தேன். சிஸ்டர் சமையல்கட்டிலிருந்து அம்மிக்கல்லைக் கொண்டுவரச் சொன்னார். அதை அந்த அம்மாவின் காலடியில் சாக்கைச் சுற்றி இறுக்கி வைத்து, குழவியை மடியில் கொடுத்தோம். அந்த அம்மா வழி முழுக்க அதைப் பேரப்பிள்ளை மாதிரி பிடித்துக்கொண்டு வந்தாள்.

கடைசியாக நாலு டயரிலும் கொஞ்சம் காற்றை இறக்கினேன். இதைப் பார்த்து நீங்கள் யாரும் செய்துவிடாதீர்கள். வேகமாகப் போனால் டயரும் போகும், ஆளும் போவான். நான் மாட்டு வண்டியை விடக் கொஞ்சம் வேகமாகப் போகப்போகிறவன், அதனால் செய்தேன்.

குனிந்து பார்த்தேன். மாட்டிய நாளிலிருந்து முதல் தடவையாக அந்தப் பட்டை இறங்கியிருந்தது. வண்டியைக் கையால் ஆட்டினால் மெல்ல ஆடியது. என் வேலை வேலை செய்வதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் ஓட்டினேன். பக்கத்தில் ஏழுமலை. பின்னால் மெத்தையில் அஞ்சலை, அவள் தலைமாட்டில் சிஸ்டர் மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டார். இரண்டு பக்கமும் எட்டுப் பேர். அந்த மண் ரோட்டை நான் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பெண்கள் அதில் நடந்து நடந்து ஒவ்வொரு பள்ளத்தையும் பெயரோடு தெரிந்துவைத்திருந்தார்கள்.

"மேஸ்திரி, தோ வருது பாரு சவுக்குத் தோப்புப் பள்ளம், சோத்தாங்கைப் பக்கம் ஒடி."

"ஒடிக்காத, அங்க கல்லு கீது. நேராவே வுடு, ஆனா அமுத்தாத."

"யோவ், ஓடைல எறக்கச்சொல பிரேக்கு போடாதய்யா, தூக்கி அடிக்கும்."

எட்டுப் பேர் எட்டு விதமாகச் சொன்னார்கள். நான் ரோசம்மா சொன்னதை மட்டும் கேட்டேன், அவள் சத்தம்தான் பெரிசு. நடுநடுவே எல்லோரும் ஒரேயடியாகப் பேச்சை நிறுத்துவார்கள். அப்போது அஞ்சலைக்கு வலி என்று அர்த்தம். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சிஸ்டர் நேரத்தை மட்டும் சத்தமாகச் சொல்லுவார். "பத்து நிமிஷம்." ஓடையைத் தாண்டினோம். "பத்து." புளியமரத்துப் பள்ளத்தை வண்டி இறங்கி ஏறியது. "பதினொண்ணு." தார் ரோட்டைத் தொட்டபோது ஏழுமலை கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கும் துடைக்க வேண்டியிருந்தது, ஸ்டியரிங்கை விட முடியவில்லை.

புதுச்சேரி எல்லைக்கு முன்னால் ஒரு செக்போஸ்ட். ஒரு கான்ஸ்டபிள் கையைக் காட்டி நிறுத்தினார். நல்ல தாட்டியான ஆள், பெல்ட்டுக்கு மேலே வயிறு தனியாக டியூட்டி பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் எட்டிப் பார்த்தவர், "இன்னாய்யா இது, மல்லாட்டை மூட்டையாட்டம் அடுக்கிக்கினு போற? ஓவர்லோடு. பாதிப் பேரை எறக்கு" என்றார்.

"யாரப் பாத்து மூட்டைன்றீங்க?" என்று ரோசம்மா ஆரம்பித்தாள். சிஸ்டர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஐயா, இவங்க எறங்கினா இந்தப் பொண்ணு வயித்துல இருக்கறதும் எறங்கிடும். பாரம் இருந்தாத்தான் வண்டி குலுங்காது. ஏழாம் மாசங்க."

கான்ஸ்டபிள் அஞ்சலையைப் பார்த்தார். மடியில் குழவியோடு உட்கார்ந்திருந்த மாமியாரைப் பார்த்தார். அவருக்கு முழுசாகப் புரிந்ததா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். ஆனால் புரிய வேண்டியது புரிந்துவிட்டது. முன்பக்கம் வந்து ஏழுமலையிடம், "நீ யாரு?" என்றார்.

"புருஷங்க."

அவனை மேலும் கீழும் பார்த்தார். "உன்னால ஒண்ணும் ஆவப்போறதில்ல. எறங்கு. பின்னாடி பஸ் வருது, அதுல வா." அவனை இறக்கிவிட்டு அந்த இடத்தில் தானே ஏறி உட்கார்ந்தார். வண்டி இன்னும் ஒரு விரல் கீழே போனது. "அங்கியும் ஒரு எடத்துல நிறுத்துவாங்க. நான் இருந்தா வுட்டுடுவாங்க. போ, மெதுவா போ."

"பன்னெண்டு நிமிஷம்" என்றார் சிஸ்டர்.

பெரியாஸ்பத்திரி வாசலில் போய் நின்றபோது ஸ்ட்ரெச்சரோடு வந்த ஆள் திகைத்துவிட்டான். ஒரு ஜீப்பிலிருந்து இத்தனை பேர் இறங்கினால் அவன்தான் என்ன செய்வான்? "இதுல யாருக்கும்மா வலி?" என்றான். ரோசம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "எல்லாருக்குந்தான்யா. ஆனா அதோ படுத்துக்கினு கீறாளே, அவள மொதல்ல தூக்கு" என்றாள். அப்போது ஏழுமலை உள்ளேயிருந்து ஓடிவந்தான். பஸ்ஸில் வந்தவன் எங்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தான்.

மத்தியானம் சிஸ்டர் வெளியே வந்தார். மரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் எழுந்தார்கள். "வலி நின்னுடுச்சு. பிள்ள உள்ளதான் கீது" என்றார். அந்த எட்டுப் பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கான்ஸ்டபிள் அதுவரை போகாமல் நின்றிருந்தார். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறப் போனார். நான் ஒரு ஓரமாகப் போய் நின்று அழுதேன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

திரும்பும்போது, துணைக்குத் தங்கிய மாமியாரைத் தவிர மற்றப் பெண்கள் ஜீப்பில் ஏற மறுத்துப் பஸ்ஸில் போய்விட்டார்கள். நானும் சிஸ்டரும் மட்டும் வெறும் வண்டியில் வந்தோம். சிஸ்டர் ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்தேன். வழி முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியதை எல்லாம் பட்டை பேசியது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் தலை கித்தான் கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. ஓடையில் இறங்கும்போது நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டுத்தான் சிஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

"படிஞ்சிடுச்சா மேஸ்திரி?"

மறுநாளே வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, லாரி பட்டைகளைக் கழற்றி எறிந்தேன். ஜீப்பின் சொந்தப் பட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு, மூன்று நாள் உட்கார்ந்து தட்டித் தட்டி வளைவை எடுத்தேன். இந்தத் தடவை வெறும் வண்டியை அளக்கவில்லை. ஒரு நோயாளி, ஒரு சிஸ்டர், கூட வருகிற இரண்டு பேர் என்று அந்த எடைக்கு ஆட்களை உட்காரவைத்து அளந்தேன். சரியாக இரண்டு விரல். வளவனூர்க்காரர் தங்கச்சிக்காக மறுபடி வந்தவர், ஜீப்பைப் பார்த்துவிட்டு, "நல்லா இருந்த வண்டியக் கெடுத்துட்டீங்களே சிஸ்டர்" என்று மனம் நொந்து போனாராம்.

அஞ்சலை பன்னிரண்டு நாள் அங்கே இருந்தாள். அவளை அழைத்துவரக் கிளம்பிய அன்று சிஸ்டர் என்னை வரச் சொல்லியிருந்தார். நான் முன்பக்கம் ஏறப்போனேன்.

"அங்க இல்ல. பின்னாடி படுங்க."

"சிஸ்டர்?"

"அவ படுக்கற எடத்துல நீங்க படுத்துக்கினு வாங்க. சரியா இருந்தாத்தான் அவள இதுல ஏத்துவேன். இல்லன்னா கார் வச்சிக்கிறேன்."

படுத்தேன். முப்பத்திரண்டு வயதில், நாலு பேருக்கு மேஸ்திரியாக இருந்தவன், பிள்ளைத்தாச்சி மெத்தையில் மல்லாந்து படுத்துக்கொண்டு புதுச்சேரி வரைக்கும் போனேன். வழியில் பஸ்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பள்ளத்தில் லேசாக இடுப்பில் தட்டியது. சொல்லாமல் விட்டால் தெரியாது. சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலிலேயே அடியில் புகுந்து, ஒரு போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்தேன். சிஸ்டர் தானே ஒரு தடவை படுத்துப் பார்த்து, என்னை ஓட்டச் சொல்லி, ஒரு ரவுண்டு போய்வந்த பிறகுதான் தலையை ஆட்டினார்.

அன்றிலிருந்து இன்றுவரை, எந்த வண்டி வந்தாலும் 'எவ்வளவு தூக்கணும்' என்று நான் முதலில் கேட்பதில்லை. 'இதில் யார் எங்கே உட்காருவாங்க' என்று கேட்பேன். அந்த இடத்தில் நானே உட்கார்ந்து ஒரு மைல் போய்விட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பேன். நீங்களும் அப்படிச் செய்தால் என்னிடம் கற்றுக்கொள்ள வேறு எதுவும் இல்லை. அந்தப் பிள்ளை அதன் மாசத்தில், அந்தச் சின்ன ஆஸ்பத்திரியிலேயே, எந்த ஜீப்பிலும் ஏறாமல் பிறந்தது. பெண் பிள்ளை.

ஆனால் எனக்கு அதைவிட அந்தத் திரும்பி வந்த பயணம்தான் மனசில் நிற்கிறது. சிஸ்டர் ஓட்டினார், நான் பக்கத்தில். அஞ்சலை பின்னால் ஏறும்போது அந்த மெத்தையைப் பார்த்துப் பயந்தாள். மாமியார் கையைப் பிடித்துக்கொண்டுதான் படுத்தாள். தார் ரோடு முடிந்து மண் ரோடு வந்தது. புளியமரத்துப் பள்ளத்துக்கு முன்னால், "மெதுவா சிஸ்டர்" என்றேன். சிஸ்டர் காது கேட்காதவர் மாதிரி அதே வேகத்தில் விட்டார். வண்டி இறங்கியது, ஏறியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். மாமியார் வாயில் விரலை வைத்து, சத்தம் போடாதே என்று சைகை காட்டினாள். அஞ்சலை வயிற்றிலிருந்து கையை எடுத்து, இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.